எந்தப் பேரில் தேடுவது?

அக்கா மகள் டெக்ஸாஸில் இருக்கிறாள், சான் அந்தோனியோ என்ற ஊர். அவள் போன் எடுக்கிற நேரம் இங்கே விடிகாலை, நான் அடுப்படியில் தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துக்கொண்டிருப்பேன், அதனால் எங்கள் பேச்செல்லாம் கேத்தல் கொதிக்கிற சத்தத்தோடுதான் நடக்கும். போன செப்டம்பரில் ஒரு நாள் அப்படி எடுத்தவள், "சித்தி, ஒங்க பேரனுக்கு ஒரு ஹோம்வர்க் குடுத்திருக்காங்க, நீங்க டீச்சர்தானே, வழி சொல்லுங்க" என்றாள்.

ஹோம்வர்க் இதுதான். அங்கே செப்டம்பர் 15-லிருந்து ஒக்டோபர் 15 வரைக்கும் ஹிஸ்பானிக் மரபுரிமை மாதம் என்று கொண்டாடுகிறார்கள். 1968-இல் ஒரு வாரமாகத் தொடங்கி 1988-இல் ஒரு மாதமாக நீண்டிருக்கிறது. மாத நடுவில் தொடங்குவது ஏன் என்று நான் கேட்டதற்கு அவளுக்கே தெரியவில்லை, அப்புறம் தேடிப் பார்த்தோம்: குவாத்தமாலா, ஹொண்டூராஸ், எல் சல்வடோர், நிக்கராகுவா, கோஸ்டாரிகா ஐந்தும் ஸ்பெயினிடமிருந்து சுதந்திரம் அறிவித்தது 1821 செப்டம்பர் 15, மெக்சிகோவின் சுதந்திர தினம் செப்டம்பர் 16, சிலியின் சுதந்திர தினம் 18. சரி, பிள்ளைகள் செய்ய வேண்டியது என்னவென்றால், ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய் அந்த நகரத்து ஸ்பானிய மொழி மக்களின் வரலாற்றிலிருந்து ஒன்றை எடுத்து அட்டையில் ஒட்ட வேண்டும், அதற்குப் பக்கத்தில் தன் குடும்பத்து வரலாற்றிலிருந்து ஒன்றை ஒட்ட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த வேலை.

"நாம ஹிஸ்பானிக்கே இல்லையே சித்தி, எத எடுத்துப் பக்கத்துல வைக்கிறது?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற டீச்சரிடம் போய் ஹோம்வர்க் என்று சொன்னால் விடுவேனா? ரெண்டு கிழமை தா என்றேன்.

முதலில் போனது எங்கள் பக்கத்து நூலகம் ஒன்றுக்கு. பெயர் வேண்டாம், அங்கே இருக்கிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், குறை அவர்கள் மேல் இல்லை. மலையக மக்கள் வரலாறு, அதாவது இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து வந்த எங்கள் சனத்தின் வரலாறு பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டேன். மேசையில் இருந்த தம்பி யோசித்துவிட்டு, "தோட்டத்தப் பத்தினதா டீச்சர்? அது கடைசி அலுமாரி, விவசாயம்" என்றார். போய்ப் பார்த்தால் உண்மைதான். நூலகங்களில் புத்தகத்துக்கு எண் போடுகிற டூயி முறை ஒன்று இருக்கிறதல்லவா, அதில் 633.72 என்றால் தேயிலை, அடுத்த எண் 633.73 கோப்பி. நாங்கள் அந்த ரெண்டுக்கும் நடுவில் கிடந்தோம். கவ்வாத்து வெட்டுவது எப்படி, பசளை போடுவது எப்படி, அதோடு ஒரு மெல்லிய புத்தகத்தில் தோட்ட மக்களின் பழக்கவழக்கங்கள். இலங்கை வரலாற்றுக்கான எண் 954.93. அந்தத் தட்டில் ராசாக்கள் இருந்தார்கள், போர்த்துக்கீசர், ஒல்லாந்தர், வெள்ளைக்காரன் எல்லாரும் இருந்தார்கள். தொழிலாளர் என்று 331-இல் ஏதோ அரசாங்க அறிக்கை ஒன்று, அட்டை கிழிந்து.

பழைய தமிழ்ப் பத்திரிகைக் கட்டு இருக்குமே, நான் படிப்பிக்க வந்த புதிதில் பார்த்திருக்கிறேனே என்றேன். கூரை ஒழுகி நனைந்துபோனதாம், நாறிவிட்டது, நிறைக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். எத்தனை கிலோ இருந்திருக்கும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 புத்தகம் எரிந்ததை உலகமே பேசுகிறது, பேச வேண்டியதுதான், ஆனால் மழைக்கு ஒழுகிப் போனதையெல்லாம் யார் கணக்கு வைத்தார்கள்? பஸ்ஸுக்குக் குடை பிடித்து நின்ற அரை மணித்தியாலம் முழுக்க எனக்கு ஆத்திரம்.

அடுத்த கிழமை கண்டிக்குப் போனேன். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று இறங்கிப் போகிற அந்தப் பாதையில் கண்ணாடிப் பக்கம் இருக்கை கிடைத்தால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். பேராதனை தாண்டும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் கன்னொருவை. எத்தனை தடவை அந்த வழியால் போயிருக்கிறேன், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பூந்தோட்டம் பார்க்க வந்திருக்கிறேன், அன்றைக்குக் கண்டி நூலகத்து உசாத்துணைப் பகுதியில் உட்கார்ந்து போர்த்துக்கீசர் காலத்துப் புத்தகம் ஒன்றைப் புரட்டும்போதுதான் அந்த ஊர் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

விஷயம் இது. ஹிஸ்பானிக் என்ற சொல் ஹிஸ்பானியா என்பதிலிருந்து வந்தது. ரோமர்கள் ஸ்பெயின், போர்த்துக்கல் ரெண்டும் இருக்கிற அந்த முழு நிலத்துக்கும் வைத்த பெயர் அது. 1580-இலிருந்து 1640 வரைக்கும் ரெண்டு நாட்டுக்கும் ஒரே ராசா, ஸ்பெயின் ராசா. அதாவது நாம் பள்ளிக்கூடத்தில் "போர்த்துக்கீசர் காலம்" என்று படிப்பித்த காலத்தில் அறுபது வருஷம் அவர்களுக்கு மேலே உட்கார்ந்திருந்தது ஸ்பெயின்காரன். கொழும்புப் பக்கத்துக் கோட்டை ராச்சியத்தின் ராசா தர்மபாலன் தன் ராச்சியத்தை 1580-இல் போர்த்துக்கல் முடிக்கு எழுதிக் கொடுத்தான், அவன் 1597-இல் செத்தபோது அந்த முடி இருந்தது ஸ்பெயினின் இரண்டாம் பிலிப் தலையில். 1594-இல் தந்துரையில், 1630-இல் வெல்லவாயப் பக்கம் ரந்தெனிவெலையில், 1638-இல் கன்னொருவையில் என்று மலைநாட்டில் போர்த்துக்கீசப் படைகள் அடிபட்டு விழுந்த அந்த மூன்று பெரிய சண்டையும் நடந்தது பிலிப் என்ற பெயருள்ள ராசாக்கள் மட்ரிட்டில் இருந்தபோதுதான். முப்பது வருஷம் படிப்பித்திருக்கிறேன். ஒரு பிள்ளையாவது "டீச்சர், அப்போ ஸ்பெயின்ல யாரு?" என்று கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

அன்றைக்கு இரவே மகளுக்குச் சொன்னேன், பேரனையும் கூப்பிடு என்றேன். அவனுக்குப் பக்கத்து மேசைப் பையன் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவன். "அவன்கிட்டப் போய் கேளு, மேசைக்கு ஸ்பானிஷ்ல என்ன?" மேசா. பாணுக்கு? பான். சப்பாத்துக்கு? சபாத்தோ. குசினிக்கு? கொசினா. அலுமாரிக்கு அர்மாரியோ, கோப்பைக்கு கோபா, கோயில் பாதிரிக்கு பாத்ரே. எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொற்கள்தான், ஆனால் ரெண்டு மொழியும் அக்கா தங்கச்சி மாதிரி, அதனால் ஸ்பானிஷ் பையனுக்கு விளங்கிவிட்டது. ரெண்டு பேரும் ஒரு கிழமை வகுப்பில் இருக்கிற சாமானையெல்லாம் தொட்டுத் தொட்டுச் சொல்லித் திரிந்தார்களாம். அட்டைக்கு இதையே போட்டுவிடலாம் என்றாள் மகள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அது கரையோரத்துக் கதை. நாம் இங்கே வரும்போது போர்த்துக்கீசர் போய் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல், அந்தச் சொற்கள் நமக்கு இரவல்.

அதே போல ஒரு நாள் மனம் சிங்கோனாப் பக்கமும் போனது. ஹக்கலைப் பூந்தோட்டம் 1861-இல் தொடங்கியதே சிங்கோனாவுக்காகத்தான். பேரு, எக்குவடோர் பக்கத்து அந்தீஸ் மலையில் வளர்கிற மரம், அதன் பட்டையில்தான் கொயினா மாத்திரை. வெள்ளைக்காரன் விதையும் கன்றும் அங்கேயிருந்து எடுத்துவந்தான். 1869-இல் கோப்பியில் இலைநோய் கண்டபிறகு தோட்டங்கள் சிங்கோனாவுக்குத் தாவின, 1880-களில் எல்லாரும் போட்டதில் விலை விழுந்தது, பிறகுதான் முழுக்க முழுக்கத் தேயிலை. நுவரெலியா உருளைக்கிழங்கு இருக்கிறதே, அதுவும் அந்தீஸ் பிறப்புத்தான். அருமையான கதை, ஆனால் மரத்தின் கதை. மறுபடி விவசாய அலுமாரி.

எனக்கு ஆட்கள் வேண்டும்.

கண்டிக்கு ரெண்டாம் தடவை போனபோது பேர்குசன் டிரெக்டரியைக் கேட்டு வாங்கினேன். வருஷா வருஷம் கொழும்பில் அச்சடித்தது, தொடாமலே தும்மல் வரும் புத்தகம். தோட்டம் தோட்டமாக அதில் இருக்கிறது: எத்தனை ஏக்கர், என்ன பயிர், சொந்தக்காரன் யார், துரை யார். எங்கள் தாத்தா பிறந்த தோட்டத்தைத் தேடிப் பிடித்தேன். பெரியதுரை பெயர் இருக்கிறது, சின்னதுரை பெயர் இருக்கிறது, ஏக்கர் இருக்கிறது. அந்த ஏக்கரை வெட்டிக் கொத்தி நட்ட ஆள் ஒருத்தர் பெயரும் இல்லை. இருக்காது என்று தெரிந்துதான் போனேன், ஆனாலும் விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தேன்.

பெயர் எங்கே இருந்தது என்றால் செக்ரோலில். தோட்டத்தில் வளராதவர்களுக்குச் சொல்கிறேன்: செக்ரோல் என்பது தோட்டத்துப் பெயர்ப் பதிவு. காலையில் பிரட்டுக்களத்தில் நின்று வேலைக்குப் போனால் கணக்கப்பிள்ளை அதில் பேர் போடுவார். எங்கள் பேச்சில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், எடுக்காவிட்டால் அரைப் பேர். "இன்னிக்கு எனக்கு அரப் பேருதான் போட்டான்" என்று அம்மாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருந்தது எனக்கு இப்பவும் கண்ணில் நிற்கிறது. மழைக்குக் கொழுந்து நனைந்திருந்தது என்று தண்ணிக் கழிவும் வெட்டியிருப்பான். அப்போது எனக்கு ஆறு ஏழு வயசு, அம்மாயியின் பேரில் பாதியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றே நினைத்திருந்தேன்.

அந்தச் செக்ரோல் புத்தகங்கள் இப்போது எங்கே? தோட்டங்கள் கைமாறி, கம்பனி மாறி, பழைய ஸ்டோரில் கரையான். சில தோட்டங்களில் இருக்கிறது. பொது நூலகத்துக்கு அவை வந்ததே இல்லை, ஏனென்றால் அவை புத்தகம் இல்லையாம், கணக்காம்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அமெரிக்கப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று போனில் பார்க்கத் தொடங்கினேன். டேட்டாக் காசு கரைந்தது கரைந்ததுதான். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் என்று வொஷிங்டனில் இருக்கிறதே, அவர்கள் பழைய பத்திரிகைகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் பண்ணி இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறார்கள், ஸ்பானியப் பத்திரிகைகளும் அதில் உண்டு. அட்டை வேண்டாம், சந்தா வேண்டாம், தோட்டத்து வரிசை வீடான லயத்தின் காம்பிராவில் உட்கார்ந்தே பார்க்கலாம். அங்கேயிருந்து ஒன்றைத் தொட்டு ஒன்று பிடித்துப் போனதில் ஒரு சொல் கிடைத்தது. பிராசெரோ.

1942-இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள், சண்டைக் காலத்தில் தோட்டம் துரவில் வேலைக்கு ஆள் இல்லை என்று. மெக்சிகோவிலிருந்து குறித்த காலத்துக்கு ஆட்களைக் கொண்டுபோய் பீட்ரூட், பருத்தி, தக்காளி பிடுங்கவிட்டுத் திருப்பி அனுப்புவது. 1964 வரைக்கும் நடந்தது, மொத்தம் 46 லட்சம் ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள். அந்த ஆட்களுக்குப் பெயர் பிராசெரோ. பிராசோ என்றால் கை, புஜம். ஆள் இல்லை, கை மட்டும். தொடக்க வருஷங்களில் சம்பளத்தில் பத்து வீதத்தைப் பிடித்து வைத்து ஊர் போனதும் தருகிறோம் என்றார்கள், நிறையப் பேருக்கு அது கைக்கு வரவே இல்லை. நமக்கு வைத்த பெயர் கூலி, அதாவது கொடுக்கிற காசின் பெயரே ஆளுக்கும். அங்கே கை, இங்கே காசு. அதைப் படித்தபோது கேத்தலில் தண்ணி வற்றிக் கரிந்த வாசம் வந்துதான் எழும்பினேன்.

1964 என்ற வருஷத்தையும் கவனியுங்கள். பிராசெரோத் திட்டம் முடிந்த அதே வருஷம் ஒக்டோபர் 30-இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் நடுவில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். எங்கள் சனத்தில் நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதி என்று வெட்டினார்கள். இதற்கு முன்னால் 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள், எங்கள் தலவாக்கலைக்கு சி.வி. வேலுப்பிள்ளை. 1948-இன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த வருஷம் தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள், ஓட்டுப் போட்ட சனம் ஓட்டில்லாத சனமாகிப் போனது. எங்கள் பெரியப்பா குடும்பம் 1972-இல் தலவாக்கலை ஸ்டேசனில் ரயில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலேறி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் மறுபடி தேயிலைக்குள்ளேயே போய் நின்றார்கள். அந்த ரயிலைப் பற்றி அம்மா ஒரு நாளும் முழுக்கச் சொன்னதில்லை. ரயில் கூவினால் வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள், அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் இந்தக் கதை இருக்கிறது, அதுவும் நமக்கு முன்னாலேயே. 1930-களில் பொருளாதாரம் விழுந்தபோது மெக்சிகோ வம்சாவளி என்று பார்த்துப் பார்த்து லட்சக்கணக்கில் ரயிலேற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள், அதில் பலர் அமெரிக்காவிலேயே பிறந்து பிரஜையாக இருந்தவர்கள். கலிபோர்னியா மாநிலம் 2005-இல் சட்டம் போட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டது. படித்துவிட்டு, இங்கே யாராவது கேட்டார்களா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். 2003-இல் சட்டம் போட்டு மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தந்தார்கள், அது பெரிய காரியம், இல்லையென்று சொல்லவில்லை. மன்னிப்பு வேறு.

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது, இந்தப் பதிவையே அதற்காகத்தான் எழுதுகிறேன். தேடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது கந்தோர்க்காரன் நமக்கு என்ன பெயர் வைத்திருந்தான் என்பது. நம்மை நாம் கூப்பிடுகிற பெயரில் தேடினால் ஒன்றும் வராது. மலையகத் தமிழர் என்று போட்டேன், ஏதோ சில புதிய கட்டுரைகள். எஸ்டேட் லேபர் என்று போட்டேன், இமிகிரன்ட் லேபர் என்று போட்டேன், இந்தியன் டமில் என்று போட்டேன், அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு கூலி என்று போட்டேன், பக்கம் பக்கமாகக் கொட்டியது. காலத்தையும் பார்க்க வேண்டும். 1911 குடிசன மதிப்பில்தான் இலங்கைத் தமிழர் வேறு, இந்தியத் தமிழர் வேறு என்று முதன்முதல் பிரித்து எண்ணினார்கள். அதற்கு முந்திய ஏட்டில் இந்தியத் தமிழர் என்று தேடினால் எப்படி அகப்படும்? அங்கேயும் அதே கூத்து. 1930 குடிசன மதிப்பில் மெக்சிகன் என்று ஒரு இனமாகவே போட்டார்கள், அடுத்த தடவை அதைத் தூக்கிவிட்டார்கள், எல்லா வீட்டிலும் ஹிஸ்பானிக்கா என்று கேட்கத் தொடங்கியது 1980-இல்தான். ஹிஸ்பானிக் என்பதே மேசையில் வைத்த பெயர். அந்தப் பெயரைப் பிடிக்காமல் லத்தீனோ என்கிறவர்கள் உண்டு, சிகானோ என்கிறவர்கள் உண்டு, அவரவர் பெயரில் அவரவர் புத்தகம். டூயி எண்ணில் அவர்கள் 305.868, சமூகப் பிரிவுகளுக்குள். அமெரிக்க வரலாற்றுக்குள்ளும் ஒரு எண் கிடைத்திருக்கிறது. தேயிலைக்குள் வைக்கவில்லை, அவ்வளவு ஆறுதல்.

நம் பக்கத்துக்கு இணையத்தில் தேடுகிறவர்கள் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தை முதலில் பாருங்கள், 2005-லிருந்து நடக்கிறது, ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில், மலையகச் சஞ்சிகைகளும் இருக்கின்றன, காசு இல்லை. கம்பளைப் பக்கம் பழைய லயம் ஒன்றையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். வீட்டில் இருக்கிற பழைய காகிதத்தைத் தூக்கி எறியாதீர்கள். எங்கள் வீட்டில் தாத்தா பெயரை மூன்று காகிதத்தில் மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறது, மூன்றும் தப்பு, மூன்றையும் வைத்திருக்கிறேன்.

சரி, ஹோம்வர்க். மகள் பேரனைக் கூட்டிக்கொண்டு சான் அந்தோனியோ மத்திய நூலகத்துக்குப் போனாள். 1995-இல் திறந்தது, ரிக்கார்டோ லெகொரேட்டா என்ற மெக்சிகோக் கட்டடக் கலைஞர் கட்டியது, அப்படியே மிளகாய்ச் சிவப்பு, போட்டோ அனுப்பினாள், நம்ப முடியவில்லை. நூலகம் என்றால் சுண்ணாம்பு வெள்ளை என்று வளர்ந்த கண் எனக்கு. உள்ளே லத்தீனோ மக்களுக்கென்றே ஒரு தனிப் பகுதி. அங்கே இருந்த அம்மா பேரனிடம், "உங்க பாட்டி என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டிருக்கிறார். "என் பாட்டியோட அம்மாயி இலை பறிச்சாங்க." அதைக் கேட்டு அவர் எடுத்துக் கொடுத்தது பீக்கான் கொட்டை உடைத்தவர்களின் படம்.

1938 ஜனவரி 31-இல் அந்த நகரத்தில் நடந்த வேலைநிறுத்தம். பீக்கான் என்பது நம் முந்திரி மாதிரி விலைபோகிற ஒரு கொட்டை, ஓட்டை உடைத்துப் பருப்பெடுக்கிற வேலை பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் கையில். எடுத்த பருப்பை நிறுத்து, இறாத்தலுக்கு இத்தனை சதம் என்று கூலி. அதையும் குறைத்தார்கள். கிட்டத்தட்ட 12,000 பேர் வேலையை விட்டு எழும்பிவிட்டார்கள், முன்னால் நின்ற எம்மா தெனாயூக்காவுக்கு வயது 21. நூற்றுக்கணக்கில் பிடித்து அடைத்தார்கள். முடிவில் பேச்சுவார்த்தை நடந்தது, அதே வருஷம் நாடு முழுக்க மணித்தியாலத்துக்கு 25 சதம் என்று குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வந்தது, உடனே முதலாளிமார் உடைக்கிற மெசினைக் கொண்டு வந்து ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரெண்டு வருஷம் கழித்து, 1940 ஜனவரியில், இங்கே ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் கூலி கேட்டு எழும்பினார்கள், பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்தார். முல்லோயா கோவிந்தன் என்றால் எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் இல்லை. அந்தப் படத்தை மகள் அனுப்பியபோது நான் பார்த்தது அந்தப் பெண்களின் விரல்களைத்தான். நகத்தோரம் கறுத்து, தோல் வெடித்து. கொழுந்துக் கறையை எலுமிச்சங்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

ஒன்று மட்டும் அவனுக்குச் சொல்லவில்லை. காங்கிரஸ் நூலகத்தில் பலாப்ரா என்று ஒரு ஒலிப்பதிவுத் தொகுப்பு இருக்கிறது, 1943-லிருந்து ஸ்பானிய, போர்த்துக்கீச மொழி எழுத்தாளர்களின் குரல்களைச் சேர்த்து வைத்தது, இலவசமாகக் கேட்கலாம். அதில் கவிஞர் பாப்லோ நெருடாவின் குரலைத் தேடினேன், ஏனென்றால் அவர் 1929-இல் கொழும்புக்குச் சிலி நாட்டுக் கொன்சலாக வந்து வெள்ளவத்தையில் இருந்தவர். இங்கே எழுதுகிறவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற விஷயம் அது. ஆனால் அதே ஆள் தன் வாழ்க்கைக் குறிப்பில், தன் வீட்டுக் கக்கூசு வாளி எடுக்க வந்த ஒரு தமிழ்ப் பெண்ணை எப்படிக் கையைப் பிடித்து இழுத்தேன் என்று தானே எழுதி வைத்திருக்கிறார். அவள் கண்ணை மூடவே இல்லையாம், சிலை மாதிரி இருந்தாளாம். பெயர் எழுதவில்லை, கேட்டிருக்கவும் மாட்டார். எந்தச் சொல்லைப் போட்டு அவளைத் தேடுவது? இதற்கு மேல் அந்தக் குரலைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, போனை மூடிவிட்டேன்.

பேரன் அட்டையில் பீக்கான் படத்தை ஒட்டி, பக்கத்தில் அம்மாயி கூடையோடு நிற்கிற எங்கள் வீட்டு ஒரே படத்தை ஒட்டியிருந்தான். கீழே தன் பெயரில் பாதியைத்தான் எழுதியிருந்தான். ஏன் முழுப் பேரை எழுதவில்லை என்று டீச்சர் கேட்டதற்கு, எங்க பாட்டியோட அம்மாயிக்கு மழை பெஞ்சா அரைப் பேர்தான், அதான் நானும் என்றானாம். நான் போனில் சொன்னதை இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்திருக்கிறான்.

போன மாதம் நான் எடுத்த போட்டோ கொப்பிகளையும் என் நோட்டையும் சேர்த்துத் தைத்து, அட்டை போட்டு, அந்த ஒழுகுகிற நூலகத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே தம்பி. சந்தோசமாக வாங்கினார், முத்திரை குத்தினார், முதுகில் ஒட்ட ஒரு துண்டை எடுத்து 633 என்று எழுதத் தொடங்கினார். "தம்பி, 954.93" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், பெரிய சேர் வந்தால் கேட்பாரே என்றார். கேட்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசவில்லை, வெளியே மழை.

"சரி டீச்சர்" என்றார், "இப்போதைக்குப் பென்சில்ல எழுதுறேன்."